துரைக்கு ஈரல்

காவிரிப் பாலத்தின் மேல் ஒரு ஜட்கா வண்டி போய்க்கொண்டிருக்கிறது. முன்னால், வண்டிக்காரருக்குப் பக்கத்தில், ராகவன் மாமா குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வைக்கோல் மேல் விரித்த ஜமக்காளத்தில் ஒரு பக்கம் அவர் மனைவி கோமளா மாமி. எதிர்ப்பக்கம் மாமாவின் அக்கா. நடுவில் நான். என் மடியில் ஒரு நாயின் தலை.

நாயின் பெயர் துரை. கண் பாதி மூடியிருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு, பல தடவை துவைத்த மல்லுத்துணி மாதிரி வெளுத்திருந்தது. பாலத்துக் காற்றில் என் புடவைத் தலைப்பு பறந்து அதன் மூக்கில் பட்டபோதுகூட அது தும்மவில்லை.

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏங்க சாமி, நாயை நீங்க கூட்டிப் போறீங்களா, இல்லே நாய் உங்க எல்லாரையும் கூட்டிப் போகுதா?"

யாரும் சிரிக்கவில்லை.

மாமாவின் அக்காவை நான் பெரிய மாமி என்று கூப்பிடுவேன். இளம் வயதிலேயே கணவரை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். தெருவிலேயே ஆசாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வண்டி கிளம்பும்போது அவர் திடீரென்று வந்து ஏறிக்கொண்டதுதான் எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். "தென்னூர்ல ஒருத்தியைப் பார்க்கணும். வண்டி எப்படியும் போறதே" என்றார். நாய் மேலே பட்டுவிடாமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஆனால் பாலம் முழுக்க அவர் காவிரியைப் பார்க்கவே இல்லை. நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வருஷம் சரியாக நினைவில்லை. அறுபதுகளின் ஆரம்பம். எனக்கு அப்போது குழந்தை பிறக்கவில்லை.

கொல்லைப்புறச் சந்து

தையல் மெஷின் என் வீட்டுக்கு வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் தென்னூரில் பிறந்தவள். எட்டாவது வரை படித்தேன். கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்தேன். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன் வேலை. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு. அதில் மெஷினைப் போட்டு ரவிக்கை தைத்துக்கொடுத்தேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். வீட்டுக்காரரின் சிநேகிதர்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று காப்பி டம்ளரை மட்டும் நீட்டுவேன். "உங்க வீட்டுல கை மட்டும்தான் இருக்கா, முகம் கிடையாதா?" என்று ஒருத்தர் கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி இவர் சிரிப்பார்.

எனக்கு முதலில் கிடைத்த வாடிக்கை கோமளா மாமி. அடையவளைஞ்சான் தெருவில் அவர்கள் வீடு. அளவெடுக்கவும் தைத்ததைக் கொடுக்கவும் கொல்லைப்புறச் சந்து வழியாகத்தான் போவேன். அந்தக் காலத்து வழக்கம் அது. "வாசல் வழியா வா" என்று சொல்லியிருந்தால் எனக்குத்தான் காலும் கையும் உதறியிருக்கும்.

மாமி நல்ல சிவப்பு, குள்ளம், ஓயாத பேச்சு. "கழுத்தை இறக்கிடாதேடி தனம். எங்க அக்கா பார்வைக்குப் போகணும், அப்புறம்தான் என் உடம்புக்கு" என்பார். அக்கா என்று அவர் சொல்வது நாத்தனாரான பெரிய மாமியை.

அந்தக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான் துரை படுத்திருக்கும்.

பெயர் வைத்த விதம்

ஒரு வெள்ளத்தின்போது கொள்ளிடக் கரைப் பக்கமிருந்து வந்த நாய் அது. வெளிர் பழுப்பு நிறம், முகம் மட்டும் வெள்ளை. தண்ணீர் வடிந்த பிறகும் போகவில்லை. மாமா வேடிக்கையாக "ரங்கன்னு வெச்சுடலாமா?" என்று கேட்டாராம். பெரிய மாமி கையிலிருந்த சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டு, "பெருமாள் திருநாமத்தை நாய்க்கா? நன்னாயிருக்குடா உன் படிப்பு" என்றாராம். அதனால் முகத்தின் வெள்ளையைப் பார்த்துத் துரை என்று ஆனது.

துரைக்கு மத்தியானம் தயிர் சாதம், ராத்திரி மிச்சம் இருந்தால் சாத்தமுது சாதம். சாத்தமுது என்றால் அவர்கள் வீட்டு ரசம். ஏகாதசி அன்று வீட்டில் எல்லோரும் விரதம் இருப்பார்கள், அடுப்பு எரியாது, ஆகையால் துரைக்கும் விரதம். ஒரு வாழைப்பழம் கிடைக்கும். அதை முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தோலை ஒதுக்கிவிட்டு, ரொம்ப நிதானமாகத் தின்னும். தென்னூரில் எங்கள் தெரு நாய்கள் அதைப் பார்த்திருந்தால் ஜாதியை விட்டே தள்ளி வைத்திருக்கும்.

வீட்டில் மூன்று பேருமே அதைத் திட்டுவார்கள். "தள்ளிப் போடா", "மேலே படாதே", "சனியன், வழியிலேயே படுத்துண்டு". யாராவது ஒருத்தர் எதிரில் இன்னொருத்தர் அதைத் தட்டிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. உள்ளே கூடம் வரை அது வந்ததில்லை. வாசற்படி வரைக்கும்தான் அதன் எல்லை என்று அதற்குத் தெரியும்.

டாக்டர் சொன்னது

அந்த வருஷம் மழைக்குப் பிறகு துரைக்கு உண்ணி பிடித்தது. காதுக்குள், விரல் இடுக்கில், எங்கே பார்த்தாலும் உண்ணி. அப்புறம் காய்ச்சல். எழுந்து நிற்க முடியாமல் போனபோது மாமாவும் கோமளா மாமியும் ஜட்கா வைத்துக்கொண்டு டவுன் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாய், பூனை எல்லாவற்றுக்கும் அந்த ஆஸ்பத்திரிதான். ஆனாலும் ஜனங்கள் வாயில் அது மாட்டாஸ்பத்திரிதான்.

டாக்டர் மருந்து கொடுத்துக் காய்ச்சலை நிறுத்திவிட்டார். "ரத்தம் ரொம்பக் குறைஞ்சு போச்சு. தயிர் சாதத்துல அது ஊறாது. கொஞ்ச நாளைக்கு ஆட்டு ஈரல் குடுங்க" என்றார்.

"அது முடியாது டாக்டர். நாங்க அந்தப் பக்கமே போறவா இல்லை" என்று சொல்லிவிட்டு மாமா வண்டி பிடிக்க வெளியே போய்விட்டார். கோமளா மாமி மட்டும் நின்று, "தெரிஞ்சுக்கறதுக்காகக் கேக்கறேன், எப்படிக் குடுக்கணும்?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து மாமா விஷயத்தைச் சொன்னதும் பெரிய மாமி காதைப் பொத்திக்கொண்டாராம். "இந்த ஆத்துக்குள்ள அந்த வார்த்தையையே சொல்லப்படாது." மாமாவும் ஆமாம் என்றார். மாமியும் ஆமாம் என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

இரண்டு நாள் கழித்து, வெயில் நேரத்தில், கோமளா மாமி ஒரு ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. துணியைப் பிரிக்கவே இல்லை.

"தனம், உங்காத்துல ஞாயித்துக்கிழமை... அது... வாங்குவேளோல்லியோ?"

"எதுங்க மாமி?"

"அதான்டி. கறி."

"வாங்குவோங்க."

"அதுல ஈரல்னு ஒண்ணு உண்டாமே. துரைக்கு நீ கொஞ்சம் பண்ணிப் போடணும். காரம் கூடாது. உப்பு கூடாது. வெங்காயம், பூண்டு ரெண்டும் கூடவே கூடாது. டாக்டர் ரொம்ப அழுத்திச் சொன்னார்." சொல்லிவிட்டு மாமியே சிரித்துவிட்டார். "பாரேன், வெங்காயம் பூண்டு சேர்த்துக்காத நாய்! எங்களவனாத்தான் பொறந்திருக்கணும்."

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பேர் வெளியில வரப்படாது. அவருக்குத் தெரியப்படாது. அக்காவுக்குத் தெரிஞ்சா என்னை அந்த ஆத்துச் சமையல் உள்ளுக்குள்ளயே விடமாட்டா. பெருமாள் சத்தியமா சொல்லு."

நான் சத்தியம் செய்தேன்.

நீர்க்கட்டி

சிந்தாமணியில் ஒரு பாய் கடையில்தான் என் வீட்டுக்காரர் கறி வாங்குவார். ஈரல் நாய்க்கு என்று சொன்னதும் பாய் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். ஒரு ஓரத்தில் கண்ணாடி மாதிரி நீர்க்கட்டி இருந்த ஈரலை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு எடுத்துக் கொடுத்தார். "இந்தக் கட்டி இருக்கறதை நாய்க்குப் போட்டா அது வயித்துல பூச்சியாப் போய் உட்கார்ந்துக்கும். அப்புறம் நாய்கிட்டேருந்து மனுஷங்களுக்கும் வரும். இதைக் குழி தோண்டித்தான் புதைக்கணும்" என்றாராம். அதற்கப்புறம் நானும் ஒவ்வொரு தடவையும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தில் போடுவேன்.

துரைக்கென்று ஒரு மண்சட்டி வாங்கினேன். வெறும் தண்ணீரில் ஈரலை நன்றாக வேகவைத்து, உள்ளே சிவப்பு இல்லை என்று கிள்ளிப் பார்த்துவிட்டு, சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி, வெந்த தண்ணீரோடு சாதத்தில் பிசைவேன். பழக்கத்தில் கை தானாக உப்பு ஜாடிக்குப் போகும். அதை இழுத்துப் பிடிப்பதுதான் பெரிய வேலை. உப்பில்லாமல் ஈரல் வேகிற வாசனை துரு ஏறிய ஆணியைக் கையில் வைத்திருந்த மாதிரி இருக்கும்.

அளவும் டாக்டர் சொன்னதுதான். ஒரு வேளைக்கு ஒரு சின்ன எலுமிச்சம்பழம் அளவு. வாரத்தில் இரண்டு நாள். மிச்சம் எங்களுக்குக் குழம்பு.

"நாய்க்குத் தனிச் சட்டி, எனக்கு அது மிச்சமா?" என்பார் வீட்டுக்காரர்.

"அதுக்கு உடம்பு சரியில்லைங்க."

"எனக்கும்தான் ரெண்டு நாளா இடுப்பு வலி. யார் கேக்கறா?"

மாமி துரையைச் சந்து வழியாகக் கூட்டி வருவார். அது தின்னும்போது மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு என் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஆச்சா?" "ஆச்சுங்க." உடனே கிளம்பிப் போய், கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போவார். தீட்டுப் பட்டால் குளிக்காமல் அவர்கள் எதையும் தொடமாட்டார்கள்.

முதல் பத்து நாளில் துரையின் மூக்கு ஈரமாகிவிட்டது. வால் ஆடத் தொடங்கியது. ஒரு நாள் என் வீட்டுக் கோழியைத் துரத்தியது. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார், சந்தோஷத்தில்.

பக்தி கூடின மாசம்

அந்தச் சமயத்தில் மாமி என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். "எங்காத்துக்காரருக்கு என்னமோ பக்தி ஜாஸ்தியாயிடுத்துடி. ஆபீஸ்லேருந்து வந்ததும் நேரே உள்ள வர்றதில்லை. கொல்லையிலேருந்தே துரையை அழைச்சுண்டு கொள்ளிடத்துக்குப் போய், ஸ்நானம் பண்ணிட்டுத்தான் ஆத்துக்கு வரார். சாயந்திர வேளையில, அந்தக் குளிர்ல!"

"நல்லதுதானேங்க மாமி."

"அக்கா மட்டும் என்ன? கார்த்தால கோனார் பால் ஊத்திட்டுப் போனதும் ஒரு தடவை குளிச்சாச்சு. அப்புறம் பெருமாளுக்குத் தளிகை பண்றதுக்கு முன்னால இன்னொரு தடவை. ஏன்னு கேட்டா, 'உனக்கென்ன, நான் குளிச்சா உனக்குக் குளிர்றதா?'ங்கறா."

நானும் கேட்டுவிட்டு மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒருவர் அடிக்கடி குளிப்பதை யார் சந்தேகப்படுவார்கள்?

அதற்கப்புறம்தான் துரை மறுபடி படுத்தது. முதலில் பேதி. அப்புறம் நான் வைத்த சாதத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மூத்திரம் கறுப்பாகப் போனது. இரண்டு நாளில் ஈறு வெளுத்துவிட்டது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த நீர்க்கட்டி ஏதாவது என் கண்ணுக்குத் தப்பிவிட்டதா? நான் சரியாக வேகவைக்கவில்லையா? ராத்திரியெல்லாம் அந்த மண்சட்டியே கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் காலை கோமளா மாமியே ஓடி வந்தார். "மாட்டாஸ்பத்திரிக்குப் போறோம். தலையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும். உன்கிட்டதான் அது அடங்கும். வாடி."

அப்படித்தான் நான் அந்த ஜட்காவில் ஏறினேன்.

ஸ்பிரிட் அடுப்பு

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு எருமை. அதைப் பார்த்து முடித்துவிட்டு, டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். துரையை மேஜை மேல் கிடத்தினோம். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் கண் இமையை விரித்துப் பார்த்தார். "ஒண்ணுக்கு எப்படிப் போகுது?"

"காப்பி டிகாக்‌ஷன் மாதிரி போறது டாக்டர்" என்றார் மாமா.

டாக்டர் ஈறையும் அழுத்திப் பார்த்தார். "உண்ணிக் காய்ச்சல் திரும்பிட்ட மாதிரி இருக்கு. அதுக்கு ஒரு ஊசி இருக்கு. ரொம்பக் கடுமையான ஊசி. நல்லா இருக்கற நாயே ஆடிப்போயிடும். இது தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. ரத்தத்தை எடுத்துப் பார்த்து நிச்சயம் பண்ணலாம், ஆனா அந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் இது இருக்கணுமே."

"பெருமாளே" என்றார் கோமளா மாமி.

"அதனாலதான் கேக்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற ஏதாவது தின்னுச்சா? வேற காரணம் இருந்தா இந்த ஊசியே வேண்டாம்."

மாமா மாமியைப் பார்த்தார். மாமி பெரிய மாமியைப் பார்த்தார். பெரிய மாமி சுவரைப் பார்த்தார்.

"தயிர் சாதம்தான் டாக்டர். எங்காத்துல வேற என்ன இருக்கு?" என்றார் மாமா.

"என்னிக்காவது சாத்தமுது சாதம்" என்றார் மாமி.

"ஏகாதசிக்கு வாழைப்பழம்" என்றார் பெரிய மாமி.

"ஈரல் போடச் சொன்னேனே?"

"முடியாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டேனே டாக்டர்."

"சரி. வேற வழியில்லை" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஸ்பிரிட் அடுப்பைப் பற்றவைத்தார். நீல நிறத்தில் அது எரிந்தது. ஊசியும் கண்ணாடிக் குழாயும் ஒரு தட்டில் தண்ணீருக்குள் கிடந்தன. தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழி வரத் தொடங்கியது.

கோமளா மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாதே என்கிறாரா, சொல் என்கிறாரா, எனக்குப் புரியவில்லை. என் கையில் துரையின் காது சூடே இல்லாமல் இருந்தது.

வெளி ஆண்பிள்ளைகள் எதிரில் நான் அதுவரைக்கும் சத்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்தபோது என்னை அறியாமல் வாய் திறந்தது.

"நான் ஈரல் போட்டேங்க."

டாக்டர் திரும்பினார். "நீ யாரும்மா?"

"ரவிக்கை தைக்கறவங்க."

பெரிய மாமியின் கண் பெரிதாகிவிட்டது. "யாரைக் கேட்டுண்டு போட்டே? பெருமாள் பிரசாதம் தின்னுண்டிருந்த ஜீவனுக்கு!"

"நானாத்தாங்க போட்டேன் மாமி." சத்தியம் பண்ணியிருந்தேன் அல்லவா? அதனால் அதற்கு மேல் நான் சொல்லவில்லை. எவ்வளவு போட்டேன், எப்படி வேகவைத்தேன் என்பதை மட்டும் டாக்டரிடம் சொன்னேன். கண்ணீர் துரையின் நெற்றியில் சொட்டியது.

"அவளை ஒண்ணும் சொல்லாதேங்கோ அக்கா" என்றார் கோமளா மாமி. "நான்தான் போடச் சொன்னேன். நான்தான் அழைச்சுண்டு போனேன். என்னை என்ன வேணா பண்ணிக்கோங்கோ."

"நீயுமா?" என்றார் மாமா.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஆனால் டாக்டர் விடவில்லை. "அப்போ நீங்களும் போட்டிருக்கீங்க. எப்படிப் போட்டீங்க சார்?"

மாமா குடையின் பிடியையே பார்த்துக்கொண்டு பேசினார். "சத்திரம் பக்கத்துல ஒரு மிலிட்டரி ஹோட்டல் இருக்கோல்லியோ... ஆபீஸ் விட்டு வரச்சே தினமும் ஒரு பொட்டலம். ஈரல் வறுவல். கொள்ளிடத்து மணல்ல வெச்சுப் போடுவேன். காரம் கூடாதேன்னு ஆத்துத் தண்ணியில நன்னா அலம்பித்தான் போட்டேன் டாக்டர்."

"தினமுமா?"

"அது என் முகத்தைப் பார்த்துண்டே இருக்கும். அதான்."

"வறுவல்ல வெங்காயம் இருந்திருக்குமே. அதை எடுத்துட்டுப் போட்டீங்களா?"

மாமா குழம்பிப்போனார். "வெங்காயமா? அதுல எது வெங்காயம், எது ஈரல்னு எனக்கெப்படித் தெரியும்? எல்லாம் கறுப்பா ஒண்ணாத்தானே இருந்தது."

டாக்டர் போய் ஸ்பிரிட் அடுப்பை மூடினார். நீலச் சுடர் அணைந்தது.

"நாய்க்கு வெங்காயம் ஆகாது சார். ரத்தத்தையே உடைச்சுடும். அதுதான் ஒண்ணுக்குல கறுப்பா வருது. நான் பாட்டுக்கு உண்ணிக் காய்ச்சல்னு ஊசியைப் போட்டிருப்பேன்."

அதே நேரத்தில் துரையின் வயிறு குலுங்கியது. கழுத்தை நீட்டி மேஜை மேல் வாந்தி எடுத்தது. டாக்டர் ஒரு குச்சியால் அதைக் கிளறிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு போட்டது வேகவெச்சது. நீங்க போட்டது வறுத்தது. இது பச்சையா இருக்கு. இது யாரு?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அறை மூலையிலிருந்து சத்தம் வந்தது.

"பச்சையோ சிவப்போ, நான் எங்கே பார்த்தேன்?" என்றார் பெரிய மாமி. இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கோனார் பால் கொண்டு வரச்சே எலையில மடிச்சுக் கொண்டு வருவான். நான் கண்ணை மூடிண்டு போட்டுட்டு வந்துடுவேன். இன்னிக்குக் கார்த்தாலயும் போட்டேன்."

"அக்கா!" என்றார் மாமா.

"என்னடா அக்கா? எலும்பும் தோலுமாக் கல்லுகிட்டக் கிடந்துது. நீங்க ரெண்டு பேரும்தான் முடியாதுன்னுட்டேளே. யாரோ ஒருத்தர் பாவத்தைச் சுமக்க வேண்டாமா?"

டாக்டர் தோளில் இருந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு சமாளித்துக்கொண்டு, "ஈரல் மருந்து மாதிரிம்மா. கொஞ்சமாக் குடுத்தாத்தான் மருந்து. அளவு மீறினா வயித்தைக் கெடுக்கும். மாசக் கணக்கா மீறினா எலும்பைப் பிடிச்சுக்கும், கழுத்தைத் திருப்ப முடியாது. ஒரு நாய்க்கு மூணு அடுப்பு எரிஞ்சா எப்படி?" என்றார்.

"என்னுது அடுப்பே இல்லையே" என்றார் பெரிய மாமி.

திரும்பின வண்டி

டாக்டர் ஊசி போடவில்லை. குளுக்கோஸ் ஏற்றி, துரையைச் சில நாள் அங்கேயே வைத்துக்கொண்டார். பிழைக்கும் என்று சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றுதான் சொன்னார்.

திரும்பும்போது ஜமக்காளத்தின் நடுவில் இடம் காலியாக இருந்தது. யாரும் அதில் காலை நீட்டவில்லை. ரொம்ப தூரம் வந்த பிறகு மாமா கேட்டார்: "தென்னூர்ல யாரையோ பார்க்கணும்னியே அக்கா?"

"அவ ஊர்ல இல்லை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். வண்டியை ஓட்டச் சொல்லு."

கோமளா மாமி புடவைத் தலைப்புக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். ஸ்ரீரங்கம் வந்து சேரும் வரைக்கும் விடவில்லை.

அந்த நாட்களில் மாமா தினமும் ஆபீஸுக்குப் போகும்போதும் வரும்போதும் ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்தார். "கஞ்சி குடிச்சுதாம்" என்று ஒரு நாள். "தலையைத் தூக்கித்தாம்" என்று ஒரு நாள். செய்தி சந்து வழியாக எனக்கு வந்து சேரும். கடைசியில் ஒரு சாயந்திரம் ஜட்காவிலிருந்து துரை தன் காலாலேயே இறங்கியது. தள்ளாடித்தான் நடந்தது. கொல்லைப் படியில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். "தள்ளிப் போடா" என்று யாரும் சொல்லவில்லை.

ரொம்ப நாள் வெறும் கஞ்சியும் தயிர் சாதமும்தான். அப்புறம் டாக்டர் பார்த்துவிட்டு, "இனிமே கொஞ்சம் ஈரல் போடலாம். ஆனா ஒரே கை. அந்தத் தையக்காரப் பொண்ணு கை. வேற யாரும் போடக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம் அதுதான்.

முதல் நாள் நான் சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது மூன்று பேருமே துரையோடு வந்துவிட்டார்கள். மாமா வேலிக்கு வெளியே குடையோடு நின்றார். கோமளா மாமி இந்தத் தடவை மெஷினைப் பார்க்கவில்லை. பெரிய மாமி மட்டும் புளியமரத்தடியில், முகத்தை மறு பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க மாமி."

"திங்கறதா?"

"திங்குதுங்க."

பெரிய மாமி மெதுவாகத் திரும்பினார். கண்ணைத் திறந்தார். துரை சட்டியைத் தரையில் தள்ளித் தள்ளி நக்குவதை, அது வேலி ஓரம் போய் முட்டிக்கொண்டு நிற்கும் வரைக்கும், பார்த்துக்கொண்டே இருந்தார். துரை தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தது.

"இன்னும் கேக்கறதேடி. பாரு, எப்படிப் பார்க்கறது. இன்னும் ஒரே ஒரு துண்டு போடேன்."

அடுப்பில் இன்னும் கொஞ்சம் வெந்த ஈரல் இருந்தது. அவர் சொல்லி அந்தத் தெருவில் யாரும் மறுத்ததில்லை. யார் எது சொன்னாலும் நானும் மறுத்ததில்லை.

"கூடாதுங்க மாமி" என்றேன்.